காலி வீட்டில் ரசம் தாளித்த நாள்

ஆறு வருஷ காலம் நான் வீட்டுக்காரனாகவும் இருந்தேன், குடித்தனக்காரனாகவும் இருந்தேன். மந்தைவெளியில் எனக்குச் சொந்தமாக ஒரு வீடு; அதில் வேறொருவர் குடியிருந்தார். தியாகராய நகரில் வேறொருவருடைய வீடு. அதில் நான் குடியிருந்தேன். இதற்குக் காரணம் ஜப்பான்.

நாற்பத்திரண்டாம் வருஷம் கடல் வழியாகக் குண்டு வரப்போகிறது என்று பட்டணம் பாதி காலியானபோது, வசதியுள்ளவர்கள் கோயமுத்தூர், தஞ்சாவூர் என்று ரயிலேறிவிட்டார்கள். நான் ஒரு கம்பெனியில் ரிகார்டு குமாஸ்தா. எனக்கு லீவு கிடைக்கவில்லை. என் மனைவி ஒரு நாள் முழுவதும் யோசித்துவிட்டு, "மந்தைவெளி கடல்லேருந்து ஒண்ணேகால் மைல். தியாகராய நகர் மூணு மைலுக்கு மேல. அங்க போயிடலாங்க" என்றாள். யுத்தத்துக்குப் பயந்து இரண்டு மைல் தூரம் ஓடிய குடும்பம் எங்களுடையது.

அப்போது தியாகராய நகரில் கேட்டுக்குக் கேட் டூலெட் பலகை தொங்கியது. எங்களுக்கு வீடு கொடுத்தவர் ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி. சாவியை என் கையில் திணித்து, "வாடகையை உங்க இஷ்டப்படி குடுங்க. சாயந்தரம் வெளக்கு எரியணும், மாமரத்துக்குத் தண்ணி ஊத்தணும். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் கோயமுத்தூர் போனார். என் மந்தைவெளி வீட்டுக்குத் திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் குடும்பத்தோடு வந்தார். அவர் இருந்த தெருவிலிருந்து கடல் அரை மைல்தான். எனக்கு ஆபத்தாகத் தெரிந்த மந்தைவெளி அவருக்குப் பத்திரமாகத் தெரிந்தது.

யுத்தம் முடிந்தது. போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். வரும்போது போன அளவுக்கு இன்னொரு பங்கு ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பலகைகள் மாயமாயின. வீடு கிடைப்பதைவிடப் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைப்பது சுலபம் என்ற நிலை வந்தது. அப்போதுதான் வாடகைச் சட்டம் இறுகியது. குடியிருப்பவரை வீட்டுக்காரர் நினைத்தபடி கிளப்பக் கூடாது. நியாய வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வீடு காலியானால் ஏழு நாளுக்குள் வாடகைக் கண்ட்ரோல் ஆபீசுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர்கள் வேண்டுமென்றால் அதை ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தருக்குக் கொடுப்பார்கள். வேண்டாமென்றால்தான் நம் வீடு நமக்கு.

அந்நாளைய என் டைரியைப் புரட்டினால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஒரு பக்கத்தில், 'ஏழைக் குடித்தனக்காரனைக் காக்க வந்த உத்தமமான சட்டம்' என்று எழுதியிருக்கிறேன். அன்று காலை தியாகராய நகர் வீட்டுக்காரர் வந்து, வீட்டை எப்போது விடுவீர்கள் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதே பக்கத்தின் அடியில், 'சொந்த வீட்டில் நுழைய மனுப் போட வேண்டியிருக்கிறதே, இது என்ன சட்டம்' என்று இருக்கிறது. அன்று மாலை நான் மந்தைவெளிக்குப் போய் வாத்தியாரிடம் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். இரண்டுக்கும் நடுவே எட்டு மணி நேரம்தான்.

தியாகராய நகர் ரயில்வேக்காரர் நல்ல மனிதர். கோர்ட்டுக்குப் போகவில்லை. திரும்பி வந்த நாளிலிருந்து, அவரும் அவர் மனைவியும் மயிலாப்பூரில் ஒரு உறவினர் வீட்டில் ஒரே அறையில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து மாமரத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவியும் கூட வந்தாள். வந்தவள் தன் சமையலறையை வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அன்று என் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே நான் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்தேன்: மந்தைவெளி வீடு காலியான முப்பது நாளுக்குள் உங்கள் வீட்டை ஒப்படைப்பேன். எழுத்தில் கொடுத்ததை நான் தவறியதில்லை.

ஆனால் வாத்தியார் நகர வேண்டுமே. அவர் அடையாற்றுப் பாலத்துக்கு அப்பால் ஒரு மனை வாங்கி, பர்மிட்டுக்கு அலைந்து சிமெண்டு சம்பாதித்து, மூட்டை மூட்டையாக வீடு கட்டிக்கொண்டிருந்தார். அவர் நகர்ந்தால் நான் நகர்வேன். நான் நகர்ந்தால் ரயில்வேக்காரர் நகர்வார். மூன்று குடும்பங்கள் அந்தச் சிமெண்டை நம்பி உட்கார்ந்திருந்தோம்.

நாற்பத்தெட்டாம் வருஷம் வைகாசி இருபத்தெட்டாம் தேதி காலை ஒன்பதே காலுக்கு வாத்தியார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நெற்றியில் புதுச் சந்தனம். கையில் பழத்தட்டு.

"பால் காய்ச்சியாச்சு சார்! வைகாசியை விட்டா ஆனி, ஆடி ரெண்டும் கூடாது. அப்புறம் ஆவணிதான். அதான் கிடைச்ச முகூர்த்தத்துல முடிச்சுட்டேன். இனிமே நம்ம ஜாகை அடையார்!"

நான் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் போனதும் டைரியில் எழுதினேன்: 'வாத்தியார் அடையாற்றில் பால் காய்ச்சினார். மந்தைவெளி காலி.'

பால் காய்ச்சினால் குடிபோனதாக அர்த்தம். எனக்கு நினைவு தெரிந்த நாளாக அப்படித்தான். ஆகவே மறுநாள் காலையே ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கண்ட்ரோல் ஆபீசுக்குப் போனேன். அங்கே ஒரு பாரம் கொடுத்தார்கள். வீடு எந்தத் தெரு, எத்தனை அறை, குழாய் உண்டா, எந்தத் தேதியில் காலி. கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். கேட்காத எதையும் எழுதவில்லை. பாரத்தில் கேட்காததை எழுதுவது என் சுபாவம் அல்ல. 'இந்த வீடு எனக்கே வேண்டும்' என்ற ஒரு வரியை அந்தப் பாரம் கேட்கவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, மந்தைவெளியில் என் வீட்டுக்கு மூன்றாவது வீட்டின் சொந்தக்காரரைப் பார்த்தேன். மயிலாப்பூர்க் குளத்தங்கரைப் பக்கம் குடியிருப்பவர். நான் போய்வந்த இடத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏங்க, வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டீங்களே! காலியான வீட்டை யாராவது காலின்னு சொல்வாங்களா?"

"சட்டம் அப்படிச் சொல்லுதே."

"சட்டம் கண்ணால பாக்குதா? நம்ம வீடு மார்கழியிலேருந்து சும்மாத்தான் இருக்கு. கொடியில ஒரு வேட்டி தொங்குது. வேட்டி காயுற வீட்டைக் காலின்னு எவன் சொல்லுவான்? நல்ல பார்ட்டியா வரட்டும்னு உக்காந்திருக்கேன். நீங்க என்னடான்னா குளிச்சு முழுகிட்டுப் போய்த் தலையைக் குடுத்துட்டு வரீங்க."

எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

ஆனி இரண்டாம் தேதி சாவி வாங்க மந்தைவெளிக்குப் போனேன். வாசலில் கோலம். கூடத்தில் வாத்தியாரின் பெண் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வாத்தியார் ஊஞ்சலில் இருந்தார்.

"வாங்கோ சார். அங்கே கதவு வரலை. தச்சன் நாளைக்கு நாளைக்குங்கறான். கதவில்லாத ஆத்துல பொண் குழந்தையை வச்சிண்டு எப்படிப் படுக்கறது? பாலை முன்னாடியே காய்ச்சி வச்சுட்டா சாமானை எந்த மாசத்துலயும் கொண்டுபோகலாமோல்லியோ, அதுக்காகத்தான் அவசரப்பட்டேன்."

"அப்ப நீங்க இன்னும் இங்கதான் இருக்கீங்களா?"

"சேச்சே! ஜாகை அடையார்தான். இங்கே சும்மா சாப்பிட்டுத் தூங்கிண்டிருக்கோம்."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். "இப்பவே போய் அந்தக் காகிதத்தைத் திருப்பி வாங்கிடுங்க" என்றாள் என் மனைவி. நான் கேட்கவில்லை. நான் எழுதிய ஒரு காகிதத்தைத் தப்பு என்று நானே இன்னொரு காகிதம் எழுதுவதா? தச்சன் நாளைக்குக் கதவைக் கொண்டு வந்துவிட்டால், எழுதியது சரியாகிவிடும். இந்த 'நாளைக்கு'வில் பத்து நாள் போயிற்று.

பன்னிரண்டாம் தேதி தபாலில் உத்தரவு வந்தது. என் மந்தைவெளி வீடு சுகாதார இலாகாவைச் சேர்ந்த ஒருவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. சாவியைக் கொடுக்கவும்.

அந்தக் காகிதத்தை மூன்று முறை படித்தேன். என் வீட்டுக்கு யாரோ வரப்போகிறார். நான் இருக்கும் வீட்டை விடுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் மனைவி உத்தரவை வாங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் வீடு கெடைச்சிருச்சு. நாம மெரினாவுல பாய் விரிக்கலாம். கடலுக்குப் பயந்துதானே வந்தோம், அங்கேயே போயிடலாம்" என்றாள்.

பதினான்காம் தேதி காலை எட்டரைக்கு நான் மந்தைவெளி போய்ச் சேர்ந்தபோது, வாசலில் ஒற்றைமாட்டு வண்டி நின்றது. கட்டில், பெட்டி, அம்மி, இரண்டு நாற்காலி. வண்டிக்கு முன்னால் வெள்ளைக் கால்சட்டை போட்ட ஒருவர், துண்டு சுற்றிய ஒரு படத்தை மார்போடு அணைத்தபடி நின்றுகொண்டிருந்தார். சாந்தோமில் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவர். மனைவி மக்களோடு அண்ணன் வீட்டு நடையில் இரண்டு வருஷமாகப் படுத்துக்கொண்டிருந்தாராம். கையில் இருந்தது மாதா படம். வீட்டுக்குள் முதலில் அதுதான் போக வேண்டுமாம். சாமான் அதற்குப் பின்னால்.

"சார், நீங்கதானே ஓனர்? உத்தரவுல காலின்னு போட்டிருக்கு. உள்ள நாலு பேர் இருக்காங்க" என்றார் மெதுவாக.

வண்டிக்காரனுக்கு அந்த மெதுவெல்லாம் இல்லை. "இன்னா சாமி இது! காலி ஊடுன்னு இட்டாந்த, உள்ள கொயம்பு கொதிக்குது. நான் எங்க எறக்கறது? மாடு நின்னுகினே கீது பாரு."

வாத்தியார் வெளியே வந்தார். நாங்கள் மூவரும் பேசிப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. படத்தையாவது உள்ளே முக்காலியில் வைத்துவிட்டு உட்காரும்படி வாத்தியார் உபசரித்தார். சாந்தோம்காரர் தலையை ஆட்டினார். "மாதாவை உள்ள வெச்சா நான் குடி வந்துட்டதா ஆயிடும் சார். முடிவு தெரியாம வெக்கறது மரியாதை இல்ல." என்னைப் போலவே அவரும் ஒரு சடங்குக்குக் கட்டுப்பட்டவர் என்று தெரிந்ததும், அவரை வெறுக்கலாம் என்று நான் செய்திருந்த முடிவு ஆட்டம் கண்டது.

அவரே பஸ்ஸில் போய்க் கண்ட்ரோல் ஆபீஸ் இன்ஸ்பெக்டரை அழைத்து வந்தார். படத்தையும் கூடவே எடுத்துப்போனார். திரும்பி வரும்போது மணி பதினொன்று இருபது. இன்ஸ்பெக்டர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு முற்றத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"இந்த வீட்டுல யார் குடியிருக்கா?"

"யாரும் இல்லை" என்றார் வாத்தியார்.

உள்ளே கடுகு வெடித்தது.

"அது என்ன சத்தம்?"

"ஆத்துக்காரி. ரசம் தாளிக்கறா."

"குடியில்லாத வீட்டுலயா?"

"நான் அடையார்ல பால் காய்ச்சிட்டேன் சார். என் வாயால 'இங்கேதான் குடியிருக்கேன்'னு சொன்னேன்னா, அந்தக் கிரகப்பிரவேசமே இல்லேன்னு ஆயிடும். அப்புறம் ஆவணி வரைக்கும் காத்திண்டிருக்கணும். கதவு நாளைக்கு வந்துடும்."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் காலின்னு எழுதிக் குடுத்தீங்க. எதை வெச்சு எழுதினீங்க?"

நான் டைரியைக் கொண்டுபோயிருந்தேன். வைகாசி இருபத்தெட்டைப் பிரித்து நீட்டினேன். அவர் படித்தார். பிறகு சத்தமாகப் படித்தார்.

"பால் பொங்கினது அடையார்ல. காலியானது மந்தைவெளியிலயா?"

வாசலில் வண்டிக்காரன் சிரித்தான். சாந்தோம்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு படத்தின் துண்டைச் சரிசெய்தார்.

இன்ஸ்பெக்டர் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டார். "சரி, ரெண்டுல ஒண்ணுதான். வீடு காலின்னா, இவர் இப்பவே சாமானை இறக்கலாம். நீங்க ரசத்தோட வெளிய வரணும் வாத்தியார் சார். காலி இல்லேன்னா, ஓனர் பொய்த் தகவல் குடுத்திருக்கார். அதுக்கு நான் ரிப்போர்ட் எழுதணும். மேல என்ன பண்ணுவாங்கன்னு நான் சொல்ல முடியாது. கேஸ் போட்டாலும் போடலாம். எது?"

இருபத்திரண்டு வருஷமாக ரிகார்டு பார்க்கிறவன் பொய்த் தகவலுக்காகக் கூண்டில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். வாத்தியார் மோட்டைப் பார்த்தார். ஒன்றைச் சொன்னால் அவர் குடும்பம் தெருவில். மற்றதைச் சொன்னால் நான் கோர்ட்டில், அவர் பால் வீண்.

வாத்தியாரின் மனைவி கையில் கரண்டியோடு கூடத்துக்கு வந்தாள். அதுவரை அந்த அம்மாள் என்னோடு நேராகப் பேசியதில்லை.

"நாங்க இங்கேதான் குடியிருக்கோம். எழுதிக்கோங்கோ. ஒருநாள் கூட இந்த ஆத்தை விட்டுப் போகலை. ஆவணியில திரும்பக் காய்ச்சிண்டாப் போறது. அரைப்படி பாலுக்காக இந்த மனுஷரைக் கோர்ட்டுக்கு அனுப்பிச்சுட்டு, நாங்க புது ஆத்துல போய் நன்னா இருந்துடுவோமா?" கணவர் பக்கம் திரும்பி, "அன்னிக்கே சொன்னேன், கதவு வரட்டும்னு. கணக்குப் போட்டேளே பெரிசா!" என்றாள்.

இன்ஸ்பெக்டர் அதை எழுதிக்கொண்டார். பிறகு என் பாரத்தை எடுத்துப் பார்த்தார்.

"சார், வீடு காலியாகாமலே காலின்னு குடுத்த நோட்டீஸ் நோட்டீசே இல்ல. அதனால ஒதுக்கீடும் நிக்காது. நீங்க ஏமாத்தறதுக்காக எழுதலேன்னு இந்த டைரியே சொல்லுது. அப்படியே ரிப்போர்ட் எழுதறேன். ஏழு நாளுக்குள்ள குடுங்கன்னு நாங்க தொண்டை கிழியக் கத்தறோம், எழுபது நாள் ஆனாலும் குடுக்க மாட்டாங்க. காலியாகறதுக்கு முன்னாடியே கொண்டாந்து குடுத்த ஆளை நான் இப்பத்தான் பாக்கறேன். அடுத்த தடவை, கடைசிப் பானை வெளிய போனதுக்கப்புறம் எழுதுங்க. சொந்த உபயோகத்துக்கு வேணும்னு ஒரு வரி சேத்து எழுதுங்க."

"பாரத்தில் அந்தக் கேள்வி இல்லை."

"கேக்கலேன்னாலும் எழுதுங்க சார்!"

நான் தப்பினேன். ஆனால் வாசலில் மாடு நின்றுகொண்டே இருந்தது. சாந்தோம்காரர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "சரி, அண்ணன் ஊட்டுக்கே திருப்புப்பா" என்றார் வண்டிக்காரனிடம். அவர் குரல் எனக்கு எங்கள் ரயில்வேக்காரரின் மனைவி சமையலறையை எட்டிப் பார்த்த நாளை நினைவூட்டியது. சொல்லவும் முடியாமல் சும்மா இருக்கவும் முடியாமல் நான் நின்றேன். மூன்றாவது வீட்டைப் பற்றி எனக்குத் தெரியும். ஆனால் என்னை நம்பிச் சொன்னவரைக் காட்டிக்கொடுப்பதா?

வண்டிக்காரன் மாட்டின் கயிற்றைப் பிடித்தவன் அப்படியே நின்றான்.

"ஏன் நைனா திரும்பிப் போவணும்? அதோ மூணாவது ஊடு காலியாத்தானே கீது."

"அங்க வேட்டி காயுதே" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இன்னாத்த காயறது! நான் தெனம் இந்தத் தெருவாண்டதான் வெறவு ஏத்திகினு போறேன். பொங்கலுக்கு முன்னேருந்து அதே வேட்டிதான் தொங்கினு கீது. மயை பேஞ்சா நனையுது, வெயிலடிச்சா காயுது. எடுக்கறதுக்கு ஆளே இல்ல. காக்கா கூட அத்த தன்னுதுன்னு நெனச்சிகினு கீது."

எல்லாரும் தெருவுக்கு வந்து பார்த்தோம். வேட்டி அப்பளம்போல் விறைத்திருந்தது. அதன் மேல் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

அதற்கு மேல் நடந்தது எல்லாம் காகிதத்தில் நடந்தது. ஆனி இருபத்தாறாம் தேதி மாதா படம் மூன்றாவது வீட்டுக்குள் போயிற்று. அதன் பின்னால் அம்மி போயிற்று. அந்த வீட்டுக்காரர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று நினைக்கிறார். வண்டிக்காரன் சொன்னதை அன்று மாலையே டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். அவர் படிக்க மறுத்துவிட்டார். குடிவந்த அன்றே சாந்தோம்காரர் அந்த வேட்டியைத் துவைத்து, மடித்து, அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வந்த ரயில்வேக்காரரிடம், ஆவணி வரை பொறுக்க வேண்டும் என்றேன். மாமரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஆவணின்னா ஆவணி. ஆனா பால் காய்ச்சிட்டேன்னு வந்து சொல்லாதீங்க, சாவியோட வாங்க" என்றார்.

ஆவணி பிறந்து முதல் முகூர்த்தத்தில் வாத்தியார் இரண்டாம் முறை பால் காய்ச்சினார். இந்தத் தடவை கதவு இருந்தது. அவர் சாமானை ஏற்றிக்கொண்டு போன பிறகு நான் ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்தேன். சமையலறை மாடத்தில் ஒரு ஊறுகாய் ஜாடி இருந்தது. அதை அடையாற்றுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அங்கிருந்து நேராகக் கண்ட்ரோல் ஆபீசுக்குப் போனேன். பாரத்தின் அடியில், யாரும் கேட்காத அந்த வரியை எழுதினேன். எழுதும்போது கை கொஞ்சம் கூசியது.

ஒன்பதாம் நாள், நீங்களே இருந்துகொள்ளலாம் என்று பதில் வந்தது. நல்ல நாள் பார்த்து மந்தைவெளியில் நாங்களும் பால் காய்ச்சினோம். பொங்கி வழிந்த உடனே நான் வழக்கம்போல டைரியைத் திறந்தேன். பேனாவைக் காணோம். என் மனைவி அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றிருந்தாள்.

"தியாகராய நகர்ல இன்னும் ரெண்டு டிரங்குப் பெட்டி இருக்கு" என்றாள். "அது வரட்டும், தரேன்."

டிரங்குப் பெட்டிகள் மாலை ஐந்து நாற்பதுக்கு வந்தன. இறக்கியவன் அதே வண்டிக்காரன். ஐந்து நாற்பத்தைந்துக்குப் பேனா என் கைக்கு வந்தது.